புலிவாலைப் பிடித்த பிரவுன்ஸ்: டிஷான் வாட்சன் டிரேடு, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பர் 4, ஹூஸ்டன். என்ஆர்ஜி மைதானத்துக்குள் அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்பான கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் புதிய குவாட்டர்பேக் ஓடி வருகிறார். கூட்டம் ஊளையிடுகிறது. இதே மைதானத்தில் இதே கூட்டம் ஒரு காலத்தில் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஆள்தான் டிஷான் வாட்சன். அவர் கடைசியாக ஓர் ஆட்டத்தில் பந்தைத் தொட்டு அன்றோடு 700 நாள். அவர்மீது வழக்குப் போட்ட பெண்களில் சுமார் பத்துப் பேர் ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள் என்று அவர்களுடைய வழக்கறிஞர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

வாட்சன் அன்று 22 முறை எறிந்தார். 12 கைக்குப் போய்ச் சேர்ந்தன. 131 யார்டு, டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) கிடையாது, ஒன்று எதிரணியின் கையில் விழுந்தது. அப்படியும் பிரவுன்ஸ் 27-14 என்று ஜெயித்தது. எப்படி என்றால், உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து ஓடி ஒரு டச் டவுன், தவறவிட்ட பந்தைப் பொறுக்கி ஒரு டச் டவுன், எதிரணி எறிந்ததை மறித்துப் பிடித்து ஒரு டச் டவுன். மூன்றிலும் வாட்சனுக்கு வேலையே இல்லை. தவறவிட்ட பந்தைப் பொறுக்கியவர் பெயர் டென்சல் வார்ட். அந்தப் பெயரை மனதில் வையுங்கள், அவரிடம் திரும்ப வருவோம்.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. குவாட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் வாங்கி, எறிவதா கொடுப்பதா ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவர். அந்த ஒரு இடம் சரியில்லை என்றால் மற்றவர்கள் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். நல்ல குவாட்டர்பேக் கிடைத்த கிளப் அவரைச் சாமானியத்தில் விடாது. அதனால் சந்தையில் அவர்கள் வருவதே அபூர்வம். புதிய வீரர்கள் கல்லூரியிலிருந்து வருடாவருடம் டிராஃப்ட் வழியாகச் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுக்கப்படுகிறார்கள். அந்த முறையே ஒரு சொத்து. இந்த வருடத்துடையதை மட்டுமில்லை, அடுத்தடுத்த வருடங்களின் முறையையும் இன்னொரு கிளப்புக்குக் கொடுத்து ஆளை வாங்கலாம். இதுதான் டிரேடு. இதற்கு மேல் சாலரி கேப் என்று ஒன்று: ஒரு கிளப் ஒரு வருடத்தில் வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு. 2022-இல் அது 20.82 கோடி டாலர்.

இப்போது கேள்வி. ஆட்டத்தில் உச்சத்தில் இருக்கும், வயது 26 மட்டுமே ஆன, ஆனால் 22 பெண்கள் பாலியல் அத்துமீறல் வழக்குத் தொடுத்திருக்கும் ஒரு குவாட்டர்பேக் சந்தைக்கு வருகிறார். வாங்கலாமா? பிரவுன்ஸ் வாங்கியது. மூன்று வருட முதல் சுற்று முறைகள், அதற்கு மேல் மூன்று பிந்தைய சுற்று முறைகள், ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர் சம்பளம், அதுவும் ஒரு காசு குறையாமல் உத்தரவாதத்தோடு. இன்று திரும்பிப் பார்த்து "ஐயோ" என்று சொல்வது சுலபம். 2022 மார்ச் 18 அன்று மேசையில் இருந்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அது தப்பான முடிவு என்பது என் கட்சி.

முன்பு விற்றவர்கள்

2017-இல் இந்த இரண்டு கிளப்புக்கும் நடுவே நடந்த கொடுக்கல் வாங்கலைத் தெரிந்துகொள்ளாமல் 2022 புரியாது. அதற்கு முந்தின வருடம் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ், பிராக் ஆஸ்வைலர் என்ற குவாட்டர்பேக்கை நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் என்று எடுத்தது. ஒரே சீசனில் வெளுத்துப்போனது. அவரைத் தலையிலிருந்து இறக்கி வைக்க 2017 மார்ச்சில் கிளீவ்லேண்டிடம் போனது: "ஆளையும் அவருடைய 1.6 கோடி டாலர் சம்பளத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், கூலியாக 2018-இன் இரண்டாம் சுற்று முறையைத் தருகிறோம்." பிரவுன்ஸ் வாங்கிக்கொண்டது. ஆஸ்வைலரை சீசன் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டாம் சுற்று முறையில் எடுத்தவர் நிக் சப், பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரர். பிரவுன்ஸ் ரசிகர்களுக்கு அந்தப் பெயர் போதும், மேலே விளக்க வேண்டாம்.

அடுத்த மாதமே டிராஃப்ட். 12-ஆவது முறை பிரவுன்ஸ் கையில். ஹூஸ்டனுக்கு இன்னும் குவாட்டர்பேக் இல்லை. மறுபடி வந்து நின்றார்கள். தங்கள் 25-ஆவது முறையையும் அடுத்த வருட முதல் சுற்றையும் கொடுத்து அந்த 12-ஐ வாங்கி, அதில் ஒரு பையனை எடுத்தார்கள். கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு அலபாமாவை எதிர்த்து ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்கும்போது டச் டவுன் எறிந்து தேசியப் பட்டம் வாங்கித் தந்த டிஷான் வாட்சன்தான் அந்தப் பையன். அவரை அன்று சும்மாவே எடுத்திருக்கலாம். வேண்டாம் என்று விற்றது பிரவுன்ஸ். கைம்மாறாக வந்த 2018 முறையில் எடுத்த ஆள்தான் டென்சல் வார்ட்.

அதாவது, குவாட்டர்பேக் பசியில் தவிக்கும் கிளப்பிடம் எப்படி விலை பேசுவது என்று பிரவுன்ஸுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அவர்களே அந்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள். 2022-இல் ஜெனரல் மேனேஜராக இருந்த ஆண்ட்ரூ பெர்ரி, 2017-இல் அதே அலுவலகத்தில் வீரர் தேர்வுப் பிரிவில் இருந்தவர். ஐந்தே வருடத்தில் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள், கையில் பை நிறையப் பணத்தோடு.

அந்தப் பசியையும் புரிந்துகொள்ள வேண்டும். 1999-இல் மறுபிறவி எடுத்த கிளப் இது. அதன்பின் குவாட்டர்பேக் இடத்தில் ஆள் மாறி ஆள் மாறி, முப்பதை ஒட்டி ஆட்கள் வந்து போனார்கள். கிளீவ்லேண்டில் ஒரு ஜெர்சி பிரபலம்: 1999-இல் வந்த டிம் கவுச்சின் பெயர் போட்டது. அவருக்குப்பின் வந்த ஒவ்வொரு பெயரையும் பட்டை பட்டையாக ஒன்றின்கீழ் ஒன்று ஒட்டிக்கொண்டே போய், முதுகில் இடமில்லாமல் போனது. 2017-இல் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் 0-16. இந்த ஊர்க்காரரிடம் போய் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழாது.

பேக்கர் மேஃபீல்டும் அந்த ஒரு வாரமும்

2018-இல் முதல் முறையில் வந்தவர் பேக்கர் மேஃபீல்ட். 2020 சீசனில் கிளப்பை 11-5 என்று பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிவில் வரும் நாக்அவுட் ஆட்டங்களுக்கு, கூட்டிப்போய், பிட்ஸ்பர்க் மண்ணிலேயே ஸ்டீலர்ஸை 48-37 என்று அடித்தார். அடுத்த சீசனில் எறியாத தோளில் குருத்தெலும்பு கிழிந்தும் ஆடினார். சுமாராக ஆடினார், 8-9. கிளப் அவரை "போதாது" என்று முடிவுகட்டியது.

தப்பில்லை என்றுதான் சொல்வேன். லீக்கின் இரண்டு பாதிகளில் பிரவுன்ஸ் இருக்கும் அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் அப்போது மஹோம்ஸ், ஆலன், பரோ, ஹெர்பர்ட், லமார் ஜாக்சன் என்று வரிசையாக யானைகள். நடுத்தரக் குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டுவது கஷ்டம். பிரவுன்ஸிடம் மற்ற எல்லா இடத்திலும் ஆள் இருந்தார்கள்: மைல்ஸ் கேரட், சப், நல்ல முன்வரிசை. ஒரு ஆள் மட்டும்தான் குறை. வாட்சன் 2020-இல் 4,823 யார்டு எறிந்து லீக்கிலேயே முதலிடம், 33 டச் டவுன், எதிரணி மறித்துப் பிடித்த இன்டர்செப்ஷன் 7 மட்டும், அதுவும் 4-12 என்று தோற்ற ஒரு ஓட்டை டீமில். உண்மையைச் சொல்கிறேன், அந்த சீசனில் அவர் ஆடியதைப் பார்த்திருந்த எனக்கும் பெயர் அடிபட்ட முதல் நாள் ஒரு கணம் சபலம் தட்டியது.

வாட்சன் 2021 ஜனவரியிலேயே ஹூஸ்டனை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டுவிட்டார். நிர்வாகத்தோடு சண்டை. மார்ச் நடுவில் முதல் வழக்கு வந்தது. மசாஜ் தொழில் செய்யும் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக, சிகிச்சை நேரத்தில் அத்துமீறி நடந்துகொண்டார் என்று சிவில் வழக்குத் தொடுத்தார்கள். வாட்சன் எல்லாவற்றையும் மறுத்தார், இன்றுவரை மறுக்கிறார். 2021 சீசன் முழுக்க ஹூஸ்டன் அவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தது. 2022 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, ஹாரிஸ் கவுண்டி கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்ட ஆதாரம் போதுமா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) ஒன்பது குற்றப் புகார்களைப் பார்த்துவிட்டு, குற்றம் சாட்டப் போவதில்லை என்று முடிவு செய்தது.

அவ்வளவுதான், சந்தை திறந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் டிரேடு முடிந்தது.

நடுவில் நடந்ததைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வாட்சனின் ஒப்பந்தத்தில் தன்னை எங்கே அனுப்பலாம் என்பதைத் தடுக்கும் உரிமை அவர் கையில். ஆக, கிளப்புகள் இரண்டு பேரைத் திருப்திப்படுத்த வேண்டும்: ஹூஸ்டனை முறைகளால், வாட்சனை வேறு ஏதாவதால். நியூ ஆர்லியன்ஸ், கரோலைனா, அட்லாண்டா, கிளீவ்லேண்ட் என்று நான்கு கிளப்புகள் வரிசையில் நின்றன. செவ்வாய்க்கிழமை பிரவுன்ஸ் ஆட்கள் ஹூஸ்டனுக்குப் போய் வாட்சனைப் பார்த்தார்கள். செய்தி வெளியே வந்ததும் மேஃபீல்ட் அன்றிரவே ஊருக்கு ஒரு விடைபெறும் கடிதம் மாதிரி எழுதிப் போட்டுவிட்டார். குவாட்டர்பேக் இடத்துக்குப் பக்குவப்பட்ட ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று கிளப் நினைப்பதாக வேறு செய்தி வந்தது. எந்த ஆளுக்குப் பதிலாக எந்த ஆள் என்று யோசித்தால், இதற்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை வாட்சன் தரப்பு சொன்னது: கிளீவ்லேண்ட் வேண்டாம், நீங்கள் பட்டியலில் இல்லை. அன்றே மேஃபீல்ட், "என்னை விட்டுவிடுங்கள்" என்று கேட்டார். கிளப் "முடியாது" என்றது. அன்று மாலை பிரவுன்ஸின் நிலை இதுதான்: புது மாப்பிள்ளை வரமாட்டேன் என்கிறான், பழைய மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை 23 கோடி டாலர், முழு உத்தரவாதம். வாட்சன் கிளீவ்லேண்டைத் தேர்ந்தெடுத்தார்.

வியாழனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் வாட்சனைப் பற்றிப் புதிதாக ஒரு நல்ல தகவலும் வரவில்லை. மாறியது கிளப்பின் பதற்றம் மட்டும்தான். விலை ஏறியது அதனால்தான்.

கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

டிரேடு முடிந்து ஒரு வாரம் கழித்து நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், நெடுநாள் ஆராய்ந்துதான் முடிவெடுத்தோம் என்று பெர்ரி சொன்னார். புகார் சொன்ன பெண்களிடம் பேசினீர்களா? இல்லை. குற்ற விசாரணையில் தலையிட்டதாக ஆகிவிடும் என்று வழக்கறிஞர்கள் தடுத்துவிட்டார்கள் என்றார். அந்தப் பெண்களின் வழக்கறிஞர் டோனி பஸ்பீயும் கிளப்பிலிருந்து தன்னை யாரும் தொடர்புகொள்ளவில்லை என்றார்.

சட்ட ஆலோசனை நியாயமானதே. அதை ஒத்துக்கொண்டே கேட்கிறேன். ஒரு நிலம் வாங்கப் போகிறீர்கள். வில்லங்கச் சான்று எடுக்க முடியாது என்கிறார்கள், காரணமும் நியாயமாக இருக்கிறது. அப்போது என்ன செய்வீர்கள்? வாங்காமல் விடுவீர்கள், அல்லது விலையைப் பாதியாகக் குறைப்பீர்கள். தெரியாதது பெரிதாக இருந்தால் விலை இறங்க வேண்டும். இங்கே அந்தக் காலம்வரை ஒரு வீரருக்குக் கொடுக்கப்பட்டதிலேயே மிகப் பெரிய உத்தரவாதத் தொகை போனது.

கிராண்ட் ஜூரி சொன்னது "குற்றம் சாட்டவில்லை" என்பது மட்டும். அதை "ஒன்றும் நடக்கவில்லை" என்று மொழிபெயர்த்துக்கொண்டதுதான் ஆணிவேர். அன்றைக்கு 22 சிவில் வழக்குகள் நிலுவையில். பிரசோரியா கவுண்டியில் இன்னொரு கிராண்ட் ஜூரி பாக்கி. அது டிரேடுக்குப்பின் ஆறாம் நாள் குற்றம் சாட்டாமல் விட்டது, ஆனால் கையெழுத்துப் போடும்போது அது தெரியாது. லீக்கின் விசாரணையோ நடந்துகொண்டே இருந்தது. லீக்கின் நடத்தை விதிக்குக் குற்றத் தீர்ப்பு தேவையில்லை என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தெரிந்திருந்தது என்பதற்கு ஒப்பந்தமே சாட்சி. ஐந்து வருடத்துக்குச் சராசரி 4.6 கோடி டாலர் என்றாலும், முதல் வருட அடிப்படைச் சம்பளம் 10.35 லட்சம் டாலர் மட்டும். மிச்சம் 4 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் கையெழுத்து போனஸ். ஆட்டத் தடை விதிக்கப்பட்டால் வெட்டு விழுவது அடிப்படைச் சம்பளத்தில்தான். அதாவது ஒரு வாரத் தடைக்கு அவர் இழப்பது வெறும் 57,500 டாலர். பெரிய ஒப்பந்தங்களை எல்லாம் நாங்கள் இப்படித்தான் அமைப்போம் என்று கிளப் சொன்னது. மற்ற வீரர்கள் விஷயத்திலும் அப்படிச் செய்திருக்கிறார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் இந்த ஆள் விஷயத்தில் அது எப்படி வாசிக்கப்படும் என்று ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? அந்த வாரம் கிளீவ்லேண்டில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் மையத்துக்கு நன்கொடை குவிந்தது. பலர் அனுப்பியது சரியாக 22 டாலர். 22 வழக்குகளுக்கு 22.

ஜூன் மாதம் நியூயார்க் டைம்ஸ், 17 மாதத்தில் குறைந்தது 66 பெண்களை வாட்சன் மசாஜுக்கு அழைத்திருந்தார் என்று எழுதியது. அதே மாதம், அதற்குள் 24 ஆகியிருந்த வழக்குகளில் 20 சமரசமாக முடிந்தன. ஜூலையில் பழைய கிளப்பான டெக்ஸன்ஸ் 30 பெண்களோடு சமரசம் செய்துகொண்டது. ஆகஸ்ட் 1 அன்று, லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நியமித்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி சூ ராபின்சன் ஆறு ஆட்டத் தடை விதித்தார். தடை குறைவுதான். ஆனால் அவர் எழுதியது கடுமை: விதியை மீறியிருக்கிறார், லீக் இதுவரை பரிசீலித்த எதையும்விட இந்த நடத்தை மோசமானது, வருத்தம் தெரிவித்ததாகவும் காணோம். லீக் மேல்முறையீடு செய்தது. ஆகஸ்ட் 18-இல் பேசி முடித்தார்கள்: 11 ஆட்டத் தடை, 50 லட்சம் டாலர் அபராதம், கட்டாய ஆலோசனை சிகிச்சை. சில நாள் முன்பு தன்னால் பாதிக்கப்பட்ட பெண்களிடம் டிவியில் மன்னிப்புக் கேட்டிருந்த வாட்சன், அன்று நான் நிரபராதி என்பதில் உறுதியாக இருக்கிறேன் என்றார். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் வேலை கிளப்புக்கு.

"ஒழுக்கம் வேறு, ஆட்டம் வேறு, கிளப்புக்கு ஆட்டம்தான் முக்கியம்" என்று வாதாடுகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் என் பதில். 700 நாள் ஆடாமல் இருப்பது ஆட்டப் பிரச்சினை. மூன்று விநாடி முடிவு என்பது பழக்கத்தில் ஊறுவது. பழக்கம் விட்டால் கண் தாமதிக்கும், கால் தாமதிக்கும். தடை எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தத் தடையோடு சேர்த்து இரண்டு வருடம் சும்மா இருந்த ஆள் எப்படித் திரும்புவார் என்பதைக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

களத்தில்

சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. 2022-இல் ஆறு ஆட்டம், 3-3. 2023-இல் ஆறு ஆட்டம். அதில் ஒன்று மட்டும் பழைய வாட்சன்: பால்டிமோரில் இரண்டாம் பாதியில் எறிந்த 14-உம் 14 கைக்குப் போய்ச் சேர, பின்தங்கியிருந்த கிளப் 33-31 என்று ஜெயித்தது. தோள் எலும்பு உடைந்த நிலையில் ஆடியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அதோடு அந்த சீசன் முடிந்தது. 2024-இல் ஏழு ஆட்டம், 1-6. அக்டோபர் 20, சொந்த மைதானத்தில் சின்சினாட்டியோடு ஆடும்போது யாரும் தொடாமலே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். விழுந்த ஆளைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. காயத்திலிருந்து ஒரு வருடம் கழித்து நிக் சப் திரும்பி வந்து டச் டவுன் போட்டதும் அதே நாளில்தான், யாருக்கு நினைவிருக்கிறது? சக வீரர்கள் கூட்டத்தைக் கண்டித்தார்கள், சரியாகவே கண்டித்தார்கள். ஆனால் சொந்த ஊரே சொந்தக் குவாட்டர்பேக்கின் காயத்துக்குக் கைதட்டும் நிலைக்கு வந்தது ஒரே நாளில் இல்லை. 2025 ஜனவரியில் அதே தசைநார் மறுபடி அறுந்தது.

மூன்று சீசனில் 19 ஆட்டம், 9-10, மொத்தம் 3,365 யார்டு. 2020-இல் ஒரே சீசனில் அவர் எறிந்ததைவிட இது குறைவு.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். தோளும் குதிகாலும் யாருக்கும் போகும். அதை டிரேடின் குற்றமாக எழுதினால் அது ஜோசியம். ஆகவே காயங்களைக் கழித்துவிடுகிறேன். கழித்த பிறகும் காயத்துக்கு முன் ஆடிய ஆட்டங்கள் நிற்கின்றன, பெரும்பாலும் சுமார். உத்தரவாதமும் நிற்கிறது. சாதாரண ஒப்பந்தம் என்றால் இரண்டாம் வருட முடிவில் "சரிப்படவில்லை, போய் வா" என்று சொல்ல ஒரு கதவு இருக்கும். இங்கே கதவே வைக்காமல் வீடு கட்டியிருந்தார்கள்.

சாலரி கேப் இதை எப்படி இறுக்கியது என்பதுதான் பலர் கவனிக்காத பகுதி. ஒரு வருடத்தில் 4.6 கோடி சம்பளத்தைக் கணக்கில் காட்ட இடமில்லை என்றால், அதில் பெரும்பகுதியை போனஸாக மாற்றி ஐந்து வருடக் கணக்கில் பிரித்து எழுதலாம். பணம் இன்றே வீரருக்குப் போகும், கணக்கு மட்டும் தள்ளிப்போகும். ஒருதரம் செய்தால் வசதி. பிரவுன்ஸ் திரும்பத் திரும்பச் செய்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வருடம் மூச்சு விட்டது, அடுத்த வருடம் அவரை அனுப்புவதற்கான விலை இன்னும் ஏறியது. மீட்டர் வட்டிக்கு வாங்கி வட்டியைக் கட்டும் கதைதான். புலிவாலைப் பிடித்தவன் விடவும் முடியாது, பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியாது.

ஹூஸ்டன் பக்கம்

கிளீவ்லேண்டின் 2023 முதல் சுற்று 12-ஆவது இடத்தில் வந்தது. 2017-இல் வாட்சனை எடுத்த அதே எண். ஹூஸ்டன் அதை வேறு முறைகளோடு சேர்த்து மூன்றாம் இடத்துக்கு ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தது. அவர் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர். அதே டிராஃப்டில் அதற்குச் சற்று முன்னால், தோற்றுத் தோற்றுத் தானே சம்பாதித்த இரண்டாம் இடத்தில் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்திருந்தது. குவாட்டர்பேக்.

2023 சீசனில் பிரவுன்ஸும் நன்றாகவே ஆடியது, 11-6. வாட்சன் விழுந்ததும் வீட்டில் உட்கார்ந்திருந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோவைக் கூட்டிவந்தார்கள். அவர் ஐந்து ஆட்டத்தில் நான்கை ஜெயித்து பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். 23 கோடிக்கு வாங்கிய சாவி திறக்காத கதவைப் பழைய சாவி திறந்த மாதிரி. பிளேஆஃபில் எதிரணி யார்? ஹூஸ்டன். அதே என்ஆர்ஜி மைதானம். ஸ்ட்ரவுட் மூன்று டச் டவுன் எறிந்தார், 45-14.

மேஃபீல்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2022 ஜூலையில் கரோலைனாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அவருடைய சம்பளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் பிரவுன்ஸே கட்டியது. அங்கேயும் ஒட்டவில்லை. பிறகு டாம்பா போய், முதல் சீசனிலேயே பிளேஆஃபில் ஒரு வெற்றி. 2024-இல் 41 டச் டவுன் எறிந்தார். கிளீவ்லேண்டிலேயே இருந்திருந்தால் இப்படி ஆடியிருப்பாரா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் இதைப் பெரிய ஆதாரமாக வைக்க மாட்டேன்.

துரத்தித் தோற்ற கிளப்புகளும் தப்பவில்லை. வாட்சனைத் துரத்தியதில் அட்லாண்டா தன் பழைய குவாட்டர்பேக் மாட் ரயனின் மனதை முறித்துக்கொண்டு, அடுத்த சில நாளில் அவரை இண்டியானாபொலிஸுக்கு ஒரு மூன்றாம் சுற்று முறைக்கு அனுப்பியது. ஆடாத ஆளுக்காக அந்த வருட கேப்பில் நான்கு கோடி டாலருக்கு மேல் எழுத வேண்டி வந்தது. இப்படிப்பட்ட ஏலத்தில் வேடிக்கை பார்க்க நின்றாலும் செலவு உண்டு.

அப்படியானால் என்ன செய்திருக்கலாம்

"சர்ச்சைக்குரிய ஆளைத் தொடவே கூடாது" என்று நான் சொல்லவில்லை. கிளப்போடு சண்டை போட்டவர், வாய் நீளமானவர், அரசியல் பேசுகிறவர், இவர்கள் எல்லாம் சர்ச்சைக்குரியவர்கள்தான். இவர்களை வாங்குவதில் வரும் தொந்தரவு அறைக்குள் அடங்கும். 22 பேர் ஒரே மாதிரி சொல்லும் புகார் அந்தப் பட்டியலைச் சேர்ந்ததே இல்லை. இரண்டையும் "சர்ச்சை" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதிலேயே பாதிப் பிழை நடந்துவிட்டது.

சரி, வாங்கியே தீருவேன் என்று ஒரு முதலாளி உட்கார்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் காத்திருக்கும் வழி இருந்தது. லீக் முடிவு ஆகஸ்டில் வந்துவிட்டது. அதுவரை விசாரணை முடியாத ஆளுக்கு முழு உத்தரவாதம் கிடையாது, தடையின் நீளத்தைப் பொறுத்து முறைகள் குறையும் என்று பேசியிருக்கலாம். ஹூஸ்டன் ஒத்துக்கொண்டிருக்காது, மற்ற மூன்று கிளப்பில் ஒன்று அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்பீர்கள். போயிருக்கட்டும். அந்த ஆளையே 2017-இல் ஒருதரம் போகவிட்டு, பதிலுக்கு டென்சல் வார்டை எடுத்த கிளப்தானே இது.

2025 மார்ச்சில் லீக் கூட்டத்தில் முதலாளி ஜிம்மி ஹாஸ்லம் வெளிப்படையாகவே சொன்னார்: பெரிதாக மட்டையைச் சுழற்றினோம், பந்தில் படவில்லை, குவாட்டர்பேக் கிடைத்துவிட்டார் என்று நினைத்தோம், கிடைக்கவில்லை, பொறுப்பு என்னுடையதும் என் மனைவியுடையதும். அமெரிக்க விளையாட்டு முதலாளிகள் இவ்வளவு நேராகப் பேசுவது அபூர்வம், அதைப் பாராட்டலாம். ஆனாலும் அந்த உவமை சரியில்லை. மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால் அடுத்த பந்து வரும். அந்த வருடம் முழுக்க வாட்சன் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. சம்பளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது 2022 மார்ச் 17, அந்த வியாழக்கிழமை மாலைதான். வாட்சன் "கிளீவ்லேண்ட் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் மூன்று முதல் சுற்றும் பத்திரமாகக் கையில் இருக்கின்றன, 23 கோடியும் இருக்கிறது. மேஃபீல்ட் மட்டும் கோபமாக இருக்கிறார். ஒரு போன் போட்டு அவரைச் சமாதானப்படுத்தினால் போதும், இல்லையென்றால் டிராஃப்டில் 13-ஆவது முறை காத்திருக்கிறது. அன்று இரவு பிரவுன்ஸ் அலுவலகத்திலிருந்து போன் போனது. மேஃபீல்டுக்கு அல்ல.